ஆவாரம்பட்டைத் தோலும் சூதுபவளமும்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

டீச்சர் போன் செய்தார். கவரிங் செயின் போட்டாலே கழுத்து சிவந்து தடித்துப்போகிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு நிக்கல் ஒவ்வாமை என்று சொல்லியிருக்கிறார். "தங்கம் போடலாம்மா, ஆனா கொக்கியில என்ன கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? நீ அந்தத் தோல் மாலை பண்றியே, அதுல எனக்கொண்ணு பண்ணு. மாசக் கடைசிக்குள்ள குடுத்தா போதும்."

கருப்புத் தோல் கயிறு, சிவப்பு மணி. உலோகம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பசையும் வேண்டாம் என்பது என் பங்குக்கு நான் சேர்த்துக்கொண்டது. கடையில் விற்கும் தோல் மாலைகளில் கயிற்றின் நுனியை ஒரு உலோகத் தொப்பிக்குள் விட்டுப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். ஆம்பூர் வெயிலிலும் வியர்வையிலும் முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான். பிய்ந்தால் திரும்ப ஒட்டலாம், ஆனால் கழற்றிக் கோக்க வழி கிடையாது. முடிச்சால் மட்டும் நிற்கிற மாலையை என்றைக்கு வேண்டுமானாலும் அவிழ்த்து, கயிற்றை மாற்றி, அதே மணிகளைத் திரும்பக் கோத்துக்கொள்ளலாம். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

குன்றிமணி கோக்கலாமா என்று டீச்சர் கேட்டார். முடியாது என்று உடனே சொல்லிவிட்டேன். குன்றிமணியின் பருப்பில் இருப்பது கடுமையான நஞ்சு. ஓடு முழுதாக இருக்கும்வரை பரவாயில்லை, துளை போட்டால் உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். துளை போடுகிற கைக்கும் ஆபத்து, மாலையை வாயில் வைக்கும் குழந்தைக்கும் ஆபத்து. டீச்சருக்குப் பேரப்பிள்ளை இருக்கிறான். சூதுபவளம் என்ற சிவப்புக் கல்மணி கோக்கிறேன் என்றேன், சரி என்றார்.

ஜூன் 5, புதன்

கருப்புக்கு என்ன செய்வது? மேல்பூச்சுச் சாயம் கொடுத்த கயிறு முதல் நாளே வெள்ளை ரவிக்கைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு வேண்டியது தோலுக்குள்ளேயே பிறக்கிற கருப்பு. அதற்கு இரும்புத் தண்ணீர் வேண்டும்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் வினிகர் ஊற்றி, துருப்பிடித்த ஆணிகளையும் இரும்பு நாரையும் போட்டு வைத்தேன். நாரைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான ஸ்டீல் நார் இதற்கு ஆகாது, அது கரையாது. மூடியை இறுக்கி மூடவும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் போல ஊறட்டும்.

காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) துணியில் கலம்காரி ஓவியம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கருப்பும் இதே வழிதான். அவர்கள் வினிகருக்குப் பதிலாக வெல்லத்தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் புளிக்க வைக்கிறார்கள். துணியை முன்னாலேயே கடுக்காயில் நனைத்திருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்கிற இடத்தில் கருப்பு உண்டாகிறது. மரப்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்பு முன்பே ஏறியிருக்கிறது.

ஜூன் 8, சனி

காலை ரயிலில் சென்னை. சென்ட்ரலில் இறங்கி, தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டுக்கு நடந்தேன். ஆம்பூரில் இருந்துகொண்டு தோல் வாங்கச் சென்னைக்கா என்று அப்பா கேட்டார். நம் ஊர் ஷூவுக்கான ஊர். இங்கே பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. பட்டையில் பதனிட்டது வேண்டுமென்றால் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துச் சரக்காக இருக்க வேண்டும். 'ஈ.ஐ. லெதர்' (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெயர் வாங்கிய தோல், புவிசார் குறியீடும் பெற்றது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் கொடுத்து, எண்ணெய் காட்டி எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறுதான். ஆவாரம்பட்டையிலேயே செய்தது அபூர்வம்.

போன வருடம் ஒரு கடையில் பட்டைத் தோல் என்று சொல்லிக் குரோமைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் பையில் பழைய இரும்புத் தண்ணீர் ஒரு சின்னப் புட்டியில் போகும். கடைக்கார பாயிடம் கேட்டுவிட்டு, வெள்ளாட்டுத் தோலின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். வைத்த இடம் சாம்பல் நிறமாகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தது. பாய் சிரித்தார். "ஓரத்தை வெட்டிப் பாத்தாலே தெரியும்மா. நடுவுல நீலம் ஓடுனா குரோம். இது உள்ள வரைக்கும் தேன் கலரு." வெட்டியும் காட்டினார். முழுத் தோலாக ஒன்று எடுத்துக்கொண்டேன். தடிமன் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், வாசனையே வேறு.

அங்கிருந்து சௌகார்பேட்டை. சூதுபவள மணிகள் அங்கே குஜராத்திலிருந்து வருகின்றன. கல் ரத்தன்பூர் பக்கம் வெட்டியெடுப்பது, மணியாக்குவது கம்பாத்தில். வெட்டியெடுக்கும்போது பலதும் மங்கலான பழுப்பாகவே இருக்கும். வெயிலில் காயவைத்துச் சூளையில் சுட்டால் கல்லுக்குள் இருக்கும் இரும்பு சிவந்து இந்த நிறம் வரும். தோலைக் கருப்பாக்குவதும் கல்லைச் சிவப்பாக்குவதும் ஒரே இரும்புதான் என்று ரயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அந்தச் சந்தோஷத்தில் காட்பாடி வந்ததே தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

கயிறு எடுக்கிற வேலை. நீளமான கயிறு வேண்டுமென்றால் நீளமான தோல் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. ஒரு வட்டத்தை வெட்டி, அதை ஓரத்திலிருந்து சுருளாக உள்நோக்கி அறுத்துக்கொண்டே போனால் போதும். கணக்கு எளிது: வட்டத்தின் பரப்பைக் கயிற்றின் அகலத்தால் வகுத்தால் நீளம் வந்துவிடும். 8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. 3 மி.மீ. அகலத்தில் அறுத்தால் 167 செ.மீ. நடுவில் மிஞ்சும் பொட்டைக் கழித்தாலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. ஷூ கம்பெனிகள் ஒதுக்கும் வேஸ்ட் துண்டுகளில் இந்த அளவு வட்டம் எத்தனையோ எடுக்கலாம்.

பலகையில் ஒரு பிளேடைச் செங்குத்தாகப் பொருத்தி, அதிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு ஆணி. தோலை லேசாக ஈரப்படுத்தி, நுனியைக் கத்தியால் தொடங்கிக்கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் கயிறு தானாக வந்துகொண்டே இருக்கும். இழுப்பு சீராக இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் அகலம் மாறிவிடும்.

வந்த கயிறு நெளிநெளியாகத்தான் இருக்கும். நன்றாக நனைத்து, ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். காயும்போது நேராகிவிடும். இப்போதே நீள வேண்டியது நீண்டுவிடுவதால், கழுத்தில் போட்ட பிறகு மாலை தொய்யாது.

ஜூன் 14, வெள்ளி

இரும்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினேன். அதற்கு முன்பு கயிற்றைக் கடுக்காய்ப்பொடிக் கஷாயத்தில் கால் மணி நேரம் ஊறவைத்தேன். ஏற்கனவே இருக்கும் துவர்ப்புக்கு மேல் கொஞ்சம் கூட்டினால் கருப்பு ஆழமாக வரும்.

இந்த நேரத்தைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கும். தேன் நிறக் கயிறு தண்ணீரில் இறங்கியதும் முதலில் அழுக்குச் சாம்பலாகிறது. பிறகு ஊதா கலந்த ஒரு நீலம், ஒரு சில நொடிதான். அதன் பிறகு ஓரங்களிலிருந்து கருப்பு உள்ளே நடந்து வருகிறது. நுனியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன், உள்ளேயும் கருப்பு.

அதிக நேரம் விடக் கூடாது. அமிலமும் இரும்பும் மிச்சமிருந்தால் நாளடைவில் தோல் மொரமொரவென்று உடையும். எடுத்த கையோடு ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினேன். நிழலில் காய்கிறது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். தெருவெல்லாம் பிரியாணி மணம். பெரியப்பா (அப்பாவோடு டேனரியில் வேலை பார்த்தவர்) வீட்டுக்கு வந்திருந்தார். இன்றைக்கும் நாளைக்கும் வந்து சேரும் பச்சைத் தோலுக்கு உப்புப் போடவே ஆள் பத்தாது என்றார். உப்புப் போடத் தாமதித்தால் ஒரே நாளில் முடி கழன்று தோல் வீணாகிவிடுமாம்.

கயிற்றை எடுத்து விரலில் சுற்றி, மடித்து, முகர்ந்து பார்த்தார். "எண்ணெ காட்டலையா?" காயட்டும் என்று விட்டிருந்தேன். "முழுசா காஞ்சப்புறம் காட்டினா மேலோட நிக்கும். கொஞ்சம் ஈரம் இருக்கச்சே காட்டணும், அப்பதான் உள்ள இழுக்கும்." மறுபடி லேசாக நனைத்து, நல்லெண்ணெயை விரல் நுனியில் தொட்டு அவரே தடவிக்கொடுத்தார். பாலாற்றைப் பற்றிப் பேச்சு போனது. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாட்களில் டேனரிகள் இருந்த நிலைமையை விடிய விடியச் சொல்வார். அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்ததாலும்தான் நான் குரோம் வேண்டாம் என்கிறேன். பட்டைத் தோலிலும் கழிவுநீர் உண்டு, ஆனால் குரோமியம் இல்லை.

ஜூன் 19, புதன்

எண்ணெய் ஏறிய கயிற்றை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். தட்டையாக இருந்தது உருண்டு, 2 மி.மீ. கனத்துக்கு வந்துவிட்டது. மேலே தேன்மெழுகு.

சிக்கல் மணியில். கம்பாத் மணிகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் துளை போடுவார்கள். நடுவில் சந்திக்கும் இடம் குறுகலாக இருக்கும், சிலதில் படிபோல ஒரு விளிம்பு நிற்கும். 2 மி.மீ. கயிறு அங்கே சிக்கும், சிக்காவிட்டாலும் நாளடைவில் அறுபடும். பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நைலான் நூலை ஒவ்வொரு மணியிலும் விட்டு முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, நூலை வெயிலுக்குக் காட்டினார். பிசிறு தெரிந்தால் அந்த மணியைத் தனியே வைத்துவிட்டார். "இதுங்க கயித்தைத் தின்னும்." அவர் கோப்பது கம்பியில். குறடு ஒரு சுழற்று, ஒரு வளையம். என் மாலைக்குக் கம்பி ஆகாது என்றபோது, அப்படியானால் துளையைத் தேய்த்துத்தான் ஆகவேண்டும் என்றார்.

வைரத்தூள் பூசிய அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கினேன், தண்ணீருக்குள் வைத்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சூதுபவளம் சிலிக்கா. அதன் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். கம்பாத்தில் கல் தேய்க்கும் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் வந்து இறந்திருக்கிறார்கள். அது இன்னும் ஓயவில்லை. இந்த மணி விலை அதிகம் என்று பேரம் பேசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லத் தவறுவதில்லை.

ஜூன் 22, சனி

கோத்தேன். ஒவ்வொரு மணிக்கும் இருபக்கமும் ஒரு ஒற்றை முடிச்சு. அப்படிச் செய்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசாது. மாலை எங்கேயாவது அறுந்தாலும் மணிகள் உதிர்ந்து ஓடாது. இந்தத் தடிமனில் ஒரு முடிச்சு 2 செ.மீ. கயிற்றை எடுத்துக்கொள்ளும். 9 மணிக்கு 18 முடிச்சு, அதற்கே 36 செ.மீ. மாலையின் நீளம் 45, பின்கழுத்து முடிச்சுகளுக்கு 30. ஒன்றரை மீட்டரில் தாராளமாக அடங்கிவிட்டது.

முடிச்சை மணிக்குப் பக்கத்தில் நெருக்கிக் கொண்டுவருவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் ஒரு கோணி ஊசியை விட்டு, ஊசியை மணியின் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். முடிச்சு ஊசியோடு வழுக்கி வந்து மணியில் உட்காரும். ஊசியை உருவிவிட்டு, ஈரத்துணியால் முடிச்சை ஒற்றி, கடைசி இழுப்பு. காயும்போது தோல் சுருங்கி முடிச்சு தானே இறுகிக்கொள்ளும். பசை செய்வதாகச் சொல்லும் வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது.

கொக்கிக்குப் பதில் ஓடும் முடிச்சு இரண்டு. இரு நுனிகளையும் எதிரெதிராக ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்து, வலது நுனியை மடக்கி இரண்டு கயிற்றையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு நுனியை அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே விட்டு இழுப்பது. இடது நுனிக்கும் அப்படியே. இரண்டு முடிச்சையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கினால் மாலை குறுகும், சேர்த்தால் தலை வழியே கழற்றும் அளவுக்கு விரியும்.

ஜூன் 25, செவ்வாய்

வியர்வைப் பரீட்சை. உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் மாலையைச் சுற்றி, மேலே அம்மிக்குழவியை வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் துணியை விரித்தால் ஒரு முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் மிக மெல்லிய சாம்பல் கோடு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. அந்த முடிச்சை ஈரத்துணியால் துடைத்து மெழுகு கூட்டி, இன்னொரு துணியில் சுற்றினேன். அந்தத் துணியில் கறை இல்லை.

ஜூன் 28, வெள்ளி

டீச்சர் வந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடி முன் நின்று பின்கழுத்து முடிச்சுகளை இழுத்து, மாலையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நடு மணியை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே ஓடும் வரி தெரிந்தது. "இது கல்லோட வரியா?" ஆமாம் என்றேன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், இதே கல்லில் மணி செய்த பட்டறைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன, அங்கேயே இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன என்று சொன்னேன். சரித்திர டீச்சர் அல்லவா, எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாக அவர் சொன்னார். அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினோம்.

குளிக்கும்போது கழற்ற வேண்டும், நனைந்தால் நிழலில் காயவைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு நல்லெண்ணெய். வருடம் இரண்டு கழித்துக் கயிறு தேய்ந்தால் கொண்டு வரட்டும், மணியை அப்படியே வைத்துக் கயிறு மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன்.

அவருடைய தங்கைக்கும் ஒன்று வேண்டுமாம், கைக்கு. மணிக்கட்டு கழுத்தைவிட அதிகமாக ஆடும், நனையும். அதற்கு 4 மி.மீ. அகலத்தில் அறுத்து, நான்கு பிரியாகப் பின்ன நினைக்கிறேன். பெரியமேட்டில் வாங்கிய தோலில் முதுகுப் பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது, வயிற்றுப் பக்கம் இழுபடும் என்பதால் அதைத் தொடப்போவதில்லை. நாளைக்கு வட்டம் வரைய வேண்டும்.