பஞ்சாரத்துக்குள் வந்த வெள்ளைக்கழிச்சல்

புதன்கிழமை காலையில், ராத்திரி கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடிவிட்டன. புதுச் சேவல் மட்டும் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது. இறக்கை இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. போன வியாழக்கிழமைதான் வாரச்சந்தையில் அதை வாங்கி வந்தேன். நல்ல உயரம், செவலை நிறம். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டதும் விற்றவர் உடனே கொடுத்துவிட்டார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு திண்டுக்கல் மாவட்டத்தில், வேடசந்தூர் பக்கம். அப்போது என்னிடம் பெரிய கோழி 23, குஞ்சு 14, அப்புறம் அந்தச் சேவல். சந்தைக் கோழியைத் தனியாகக் கட்டிவைத்து இரண்டு மூன்று வாரம் பார்த்த பிறகுதான் மற்றதோடு விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தனியாக விட இடம் இல்லை, கத்துகிறது என்று அன்று ராத்திரியே சேர்த்து அடைத்துவிட்டேன்.

அத்தை பார்த்ததுமே "கழிச்சல் மாதிரி இருக்கு தாயி" என்றார். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தோம். மருந்து கொடுத்ததை இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது. சீக்குக் கோழியின் வாயைப் பிளந்து உருண்டை திணித்த அதே கையோடு போய்க் குஞ்சுகளுக்குக் குருணை போட்டேன். தண்ணீர்ச் சட்டியும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

வெள்ளிக்கிழமை சேவல் செத்துக் கிடந்தது. பெட்டைகள் இரண்டு வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சனிக்கிழமை விடிந்தபோது நான்கு போயிருந்தன. அதில் ஒன்றை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. "உங்க பக்கம் காக்கா ஏதாவது செத்து விழுதா? வாத்து?" இல்லை என்றேன். பறவைக்காய்ச்சலாக இருக்குமோ என்பதற்காகக் கேட்டிருக்கிறார். அப்புறம் பின்பக்கம் கொண்டுபோய்க் கோழியை அறுத்தார். கல்லீரலைத் தள்ளிவிட்டு, அரைவைப் பைக்குச் சற்று மேலே இருக்கும் இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள்சுவரில் குண்டூசி முனையால் குத்தியது போல வரிசையாக ரத்தப் புள்ளிகள். "வெள்ளைக்கழிச்சல்தான், ராணிக்கெட்" என்றார். 1920களில் நம் நாட்டில் முதலில் கண்டறிந்த இமயமலை ஊரின் பெயர்தான் அது.

மருந்து எழுதித் தருவார் என்று நின்றேன். இந்த வைரஸுக்கு மருந்தே கிடையாது என்றார். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடவே வரும் மற்ற கிருமிக்குத்தான் கேட்குமாம். சரி, தடுப்பூசியாவது போடலாமா என்று கேட்டேன். ஏற்கெனவே கிருமி ஏறியதற்குப் போட்டால் பலன் இல்லை, இன்னும் சீக்கிரம் சாகலாம். ஊசியை மாற்றாமல் வரிசையாகக் குத்தினால் நாமே நோயைப் பரப்பியது போல ஆகிவிடும் என்றார். பக்கத்து வீடுகளில் நன்றாக இருக்கும் கோழிகளுக்கு உடனே போடச் சொல்லுங்கள் என்பதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

அங்கேதான் சங்கடம். பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமானால் என் வீட்டில் நோய் வந்ததைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்று சாயங்காலம் கோழி வியாபாரி ஒருவர், யார் சொன்னார்களோ, வண்டியோடு வந்து நின்றார். "நிக்கிறதை எல்லாம் பாதி விலைக்கு எடுத்துக்கிறேன் அக்கா, ராத்திரியோட ராத்திரியா ஏத்திடலாம்." அப்போது 13 பெரிய கோழி நின்றன. பையனுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணம் அதில்தான் இருந்தது. அத்தைக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். நான் முடியாது என்றேன். பெரிய நியாயம் பேசி அல்ல. அந்தச் செவலைச் சேவலும் இப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து சந்தைக்கு வந்திருக்கும் என்ற எரிச்சல். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். மற்றவர்கள் அன்றே கோழியை அடைத்தார்கள். தடுப்பூசிக் குப்பி ஒன்றில் 100 கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காக உடைத்தால் முக்கால்வாசி வீண். ஐந்து வீட்டுக் கோழியும் சேர்ந்ததால் கால்நடை ஆய்வாளர் ஐஸ் பெட்டியோடு வந்து அரை மணி நேரத்தில் இறக்கைக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார். என் வாசலுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

என் வேலை புதைப்பதுதான். கிணற்றுக்கு எட்டத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி, அதில் சுண்ணாம்பு, கோழி, மறுபடி சுண்ணாம்பு, மண். மேலே முள். அடைக்கு வைத்திருந்த 11 முட்டையையும் போடச் சொன்னார்கள். 17 நாள் ஆகியிருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அசைவது தெரியும். அதை மட்டும் அத்தைதான் எடுத்துப் போனார். சீக்குக் கோழிகளை மாட்டுக்கொட்டகையின் மறுகோடியில் அடைத்தேன். முதலில் நல்லதற்குத் தீனி, கடைசியில்தான் சீக்குக்கு. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, செருப்பை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் நனைப்பது. இந்த ஒழுங்கு வந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. இடையில் என் வலது கண் இரண்டு நாள் சிவந்து நீர் வடிந்தது. கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் இப்படி வருமாம், தானாகவே சரியானது.

பதினோராம் நாளோடு சாவு நின்றது. மிச்சம் ஆறு பெட்டை. குஞ்சு ஒன்றுகூட இல்லை. பஞ்சாரங்களைக் கொளுத்தினேன், எருவை அள்ளிப் புதைத்தேன், தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தெளித்து வெயிலில் காயவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஆடியில்தான் புதுக் குஞ்சு இறக்கினேன். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காவது வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டு வாரம் தாண்டியதும் இறக்கைக்கு அடியில் ஊசி. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து. கால்நடைத் துறை ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஊர் ஊராக இலவசமாகப் போடும் முகாமை, அந்த வருஷம் அம்மா வீட்டுக்குப் போனதில் தவறவிட்டிருந்தேன். இப்போது முகாம் வந்தால் முதல் ஆளாக அத்தைதான் கூடையோடு போய் நிற்கிறார்.

அந்த ஆறில் ஒன்றுக்குக் கழுத்து நிமிரவே இல்லை. கம்பைக் கொத்தப் போனால் ஒரு விரல் தள்ளித் தரையைக் கொத்தும். குனிந்து குனிந்து, ஐந்தாறு தடவை தவறி, ஒன்றைப் பிடிக்கும். அறுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அகலமான சட்டியில் நிறையக் கொட்டி வைத்தேன், எங்கே கொத்தினாலும் ஏதாவது கிடைக்கட்டும் என்று. முதலில் தோல் முட்டையாக இட்டது. ஐப்பசி வாக்கில் ஓடு கெட்டியானது. இப்போதும் தலையைச் சாய்த்துக்கொண்டே முற்றத்தில் திரிகிறது.