ஆபீஸ் கேப்பை விட்டுவிட்டு மெட்ரோவில் போன நாட்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை, அல்சூரில் வீடு. டீமில் ஒருவர் காபிக்கு வரச் சொல்லிக் கேட்டார். விருப்பமில்லை என்றேன். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். இரவு 11 மணிக்கு மேல் வாட்ஸ்அப் வர ஆரம்பித்தது. அப்புறம் ஆபீஸ் கேப்பில் என் ரூட்டுக்கே மாறி, தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் கேப்பை விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து இருட்டில் இருபது நிமிஷம் நடந்து பர்ப்பிள் லைன் மெட்ரோவைப் பிடிக்கத் தொடங்கினேன்.

டீமில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவரிடம்தான் முதலில் சொன்னேன். "நல்ல பையன்மா. கையைப் பிடிச்சானா, தப்பாப் பேசினானா? கம்ப்ளைன்ட்னு போனா அவன் வேலையே போயிடும்" என்றார். தம்பி போனில், "அப்போ ஒரு பொண்ணுகிட்ட யாரும் கேக்கவே கூடாதா?" என்றான். கேட்கலாம்டா, நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு கேட்டதுதான் பிரச்சினை என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அக்காவுக்குப் புரியவைக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்பதையே அவர் பார்த்தார். நான் வீட்டுக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்டது அவர் கணக்கில் வரவில்லை.

இந்த வாக்குவாதத்திலேயே நாட்கள் ஓடிவிட்டன. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், இந்தப் புகார்களை விசாரிக்கும் ஆபீஸ் கமிட்டி இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நான் கொடுத்தது 81ஆம் நாள். தயவுசெய்து யாரும் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.

புகார் 6 பிரதி கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். வேண்டாம் என்று நான் பதில் அனுப்பிய செய்தியைத்தான் முதலில் வைத்தேன், ஏனென்றால் அந்தச் சட்டத்தில் 'விரும்பத்தகாத' என்ற சொல்தான் அடிப்படை. நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று என்மேலேயே திருப்புவார்களோ என்று பல இரவு தூங்கவில்லை. போதிய ஆதாரம் இல்லாமல் போனதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு பிரதி 7 வேலை நாளுக்குள், நான் யார்மேல் புகார் கொடுத்தேனோ அவருக்குப் போகும். பதில் சொல்ல அவருக்கு 10 வேலை நாள். இரண்டு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. கமிட்டிக்குத் தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சமரசம் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் கேட்டால்தான் அது நடக்கும் என்று தெரிந்திருந்ததால் தயங்காமல் மறுத்தேன். விசாரணை முடியும்வரை அவரை வேறு ரூட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நான்காவது நாள் மாற்றிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாக அழுதேன்.

அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். அதை வெளியிடச் சட்டம் விடாது. அந்த ரகசியம் அவருக்கும் பாதுகாப்புதான். 90 நாள் கெடுவுக்குள் அறிக்கை வந்தது, புகாரை ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு வேலை போகவில்லை. வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அக்காவுக்கு இன்னும் என்மேல் வருத்தம் உண்டு. ஆனால் இப்போது தினமும் கேப்பில் தன் பையை வைத்து எனக்கு சீட் பிடிப்பவர் அவர்தான்.