என் ஜேட் வளையல் ஏ-யா, பி-யா?

கடைக்காரப் பெண் முதலில் என் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, பையின் மேலேயே வளையலை வைத்து ஒரு திருகு, ஒரு அழுத்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறு நொடி வளையல் மணிக்கட்டில் இருந்தது, பையை மட்டும் உருவி எடுத்தார். உள்விட்டம் 56 மில்லிமீட்டர். நம் வளையல் கடைகளில் டூ ஃபோர், டூ சிக்ஸ் என்று கேட்போமே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருடம். நாற்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு அது. விலை 1,480 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பில்லில் 'இயற்கை ஜேடைட், ஏ கிரேட்' என்று எழுதியிருந்தது. ஜேடைட் என்பது ஜேட் கல்லில் ஒரு வகை. அதைப் படித்துவிட்டுத்தான் கார்டை நீட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, எங்கள் புளோக் மின்தூக்கியில் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி என் கையைப் பிடித்துப் பார்த்தார். எழுபது வயதிருக்கும். அவர் கையிலும் ஒன்று உண்டு, கல்யாணத்தின்போது போட்டதாம், இனி கழற்றவே வராதாம். நகத்தால் என் வளையலைச் சுண்டிவிட்டு, "ஏ ஹுவோவா?" என்றார், ஏ சரக்கா என்று அர்த்தம். பில்லில் ஏ கிரேட் என்று போட்டிருக்கிறது என்றேன். கிரேடா, டைப்பா என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை என்பதைப் பத்தாவது மாடி வருவதற்குள் விளக்கிவிட்டார்.

ஏ, பி, சி என்பது தரம் பற்றியதே இல்லை. கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வது. வெட்டி, பட்டை தீட்டி, மேலே மெழுகு தேய்த்ததோடு விட்டிருந்தால் அது டைப் ஏ. அழுக்குச் சாம்பல் நிறத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத கல்லும் ஏ தான். அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறையை எடுத்து, அமிலம் அரித்த நுண்ணிய இடைவெளிகளில் பிசினை ஏற்றியிருந்தால் டைப் பி. சாயம் ஏற்றியது டைப் சி. இரண்டும் செய்திருந்தால் பி பிளஸ் சி. 'ஏ கிரேட்' என்பதோ, விற்கிறவர் தன் சரக்குக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க். பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறார்கள்!

அன்றிரவு இணையத்தில் கிடைத்த சோதனை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தலைமுடியை வளையலில் இறுக்கிச் சுற்றி லைட்டரைக் காட்டினேன். முடி எரியவில்லை. ஒரு நிமிடம் சந்தோஷம். பிறகு சந்தேகம் வந்து, அதே முடியை எவர்சில்வர் டம்ளரில் சுற்றிக் காட்டினேன். அங்கேயும் எரியவில்லை. சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் எதன்மேல் சுற்றினாலும் இதுதான் நடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்ற சோதனையும் இப்படித்தான், குவார்ட்ஸ் என்ற மலிவான கல்லும் சில்லென்றுதான் இருக்கும். கண்ணாடியைக் கீறிப் பார்க்கச் சொல்கிறார்கள். குவார்ட்ஸ் அதையும் செய்யும், நம் வளையல்தான் பாழாகும். தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டுமாம். எனக்கு எல்லாம் மணிச்சத்தமாகவே கேட்டது.

உருப்படியானது ஒன்றே ஒன்று, தண்ணீர் எடை. இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம், அதனால் விவரமாகவே சொல்கிறேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். வளையலைக் கழற்றியது தனிக்கதை: பாத்திரம் கழுவும் சோப்பு, அரைமணி நேரம், கட்டைவிரல் மூட்டில் சிராய்ப்பு. முதலில் வளையலை உலர்ந்த நிலையில் எடை போட்டேன், 47.86 கிராம். பிறகு தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, வளையலை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிட்டேன். கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு 14.38 காட்டியது. வளையல் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. ஆர்க்கிமிடீஸ் விதி, ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 3.33.

ஜேடைட்டுக்கு 3.34 வாக்கில் வர வேண்டும். ஜேட் என்ற பெயரில் இன்னொரு உண்மையான கல்லும் உண்டு, நெஃப்ரைட். அதற்கு 2.95 அளவில் வரும். சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கிவந்தது நெஃப்ரைட்டைத்தான். பர்மாவின் கச்சின் மலைப்பக்கத்து ஜேடைட் 18ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பெருமளவில் போய்ச் சேர்ந்தது. இரண்டும் வேறுவேறு கனிமங்கள் என்று 1863இல் பிரான்சின் டமூர் என்ற வேதியியலாளர் காட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க, இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தெருவோரம் 12 வெள்ளிக்கு வாங்கிய பச்சை வளையலையும் தொங்கவிட்டேன். 38.12 வகுத்தல் 14.40, அதாவது 2.65. அச்சாகக் குவார்ட்ஸ் கணக்கு. இந்த மாதிரிச் சாயம் ஏற்றிய குவார்ட்சைட்டைத்தான் 'மலேசிய ஜேட்' என்று விற்கிறார்கள். 'இந்திய ஜேட்' என்று நம் பெயரிலும் ஒன்று ஓடுகிறது. அது அவென்சுரின், அதுவும் குவார்ட்ஸ் வகை. ஜேட் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நாட்டின் பெயர் ஒட்டியிருந்தால் எனக்கு இப்போதெல்லாம் சிரிப்புதான் வருகிறது.

3.33 என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஆண்ட்டி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல் ஜேடைட்தான். அதை என்ன பண்ணியிருக்காங்கன்னு தண்ணிக்குத் தெரியுமா?" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். பி-யிலும் உள்ளே இருப்பது ஜேடைட்தானே. பிசின் சேர்வதால் எடை கொஞ்சம் குறையலாம், ஆனால் ஏ-க்கு வரும் அளவிலேயே அதுவும் வந்து நிற்கும். வீட்டுச் சோதனையின் எல்லை அதுதான். அதற்கப்புறம் ஆய்வகம்தான் வழி.

ஆய்வகத்தில் நான்கு நாள் ஆனது. அறிக்கையைத் தரும்போது சோதித்தவரே கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். வழவழப்பாக நான் தடவிக்கொண்டிருந்த மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலை. அமிலம் அரித்த கோடுகள். பச்சை நிறம் கல்லோடு கலந்து பரவாமல், கல்லின் நுண்மணிகளுக்கு இடையே வேர்போல ஓடியிருந்தது. அடுத்து அகச்சிவப்பு வரைபடம். 2,900 என்ற அலையெண்ணை ஒட்டி ஆழமான பள்ளங்கள். பிசின் அங்கேதான் ஒளியை உறிஞ்சுமாம். மெழுகும் அந்தப் பக்கம் சிறிதாகக் காட்டும், ஆனால் இப்படி இல்லை என்றார். நிறமாலையில் இயற்கைப் பச்சைக்கு வர வேண்டிய மெல்லிய குரோமியக் கோடுகளுக்குப் பதில் சிவப்புப் பகுதியில் அகலமாக ஒரு பட்டை. பி பிளஸ் சி. நாள் போகப் போகப் பிசின் மஞ்சளிக்கலாம், சூடு பட்டால் கெடும் என்றும் சொன்னார். மூன்று மாதம் அந்தக் கையோடுதான் தோசை சுட்டிருக்கிறேன்.

கடையில் முதல் நாள் "இதுவும் இயற்கைக் கல்தான்" என்றார்கள். இரண்டாவது முறை, வேறு நகைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். மூன்றாவது முறை பில், அறிக்கை இரண்டின் நகலையும் மேசையில் வைத்து, வாங்கி இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன் என்றேன். முழுப் பணமும் வந்தது. ஆய்வகக் கட்டணம் வரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதற்கிடையில் அம்மா சென்னையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பாட்டியின் மோதிரத்தையும் கொடுத்துப் பார்த்தேன். பாட்டி ரங்கூனில் வாழ்ந்தவர். 1964இல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்த ஆயிரமாயிரம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் அதற்குப் 'பர்மாப் பச்சை' என்றே பெயர். பிசின் ஏற்றும் வேலை பரவியது 1980களில், அதனால் பி பயம் இல்லை. சாயமும் கண்ணாடியும் அதற்கு முன்பே இருந்தவை.

ஒளிவிலகல் எண் 1.66, கல் ஜேடைட்தான் என்றார்கள். ஆனால் பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிக் கட்டியிருப்பதால் ஒளி ஊடுருவவில்லை, நிறம் இயற்கையா என்று எழுதித்தர வேண்டுமானால் கல்லைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அம்மா அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். போனில் கேட்டேன்.

"எங்கம்மா கட்டுன கட்டுடி அது. கழட்டி, அவன் ஒரு பேப்பர் குடுத்து, அந்தப் பேப்பரையா விரல்ல போட்டுக்கப் போறேன்?"

சாயமாக இருந்தால் என்னம்மா பண்ணுவே என்றேன்.

"யாரு விக்கப் போறா? அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசு."