குதிகால் கொப்புளத்தை உரித்ததும் உரிக்காமல் விட்டதும்

மண்டபத்தில் தென்கடலை ஒட்டிய திடலில் நாங்கள் மாலைதோறும் கைப்பந்து ஆடுவது வழக்கம். சென்ற சித்திரையில் நடந்த போட்டிக்காக, அதற்கு இரண்டே நாள் முன்பு வாங்கிய புது ஷூவுடன் இறங்கினேன். முதல் ஆட்டத்திலேயே வலது குதிகாலில் ஓரிடம் மட்டும் சூடாக எரிந்தது. அப்போதே ஷூவைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஆட்ட வேகத்தில் விட்டுவிட்டேன். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது அங்கே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீர் கோத்திருந்தது.

அன்றிரவு தோலை முழுவதுமாக உரித்தெடுத்தேன். உப்புத்தண்ணீர் பட்டால் ஆறிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலை கடலிலும் காலை நனைத்தேன். மூன்றாம் நாள் புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கி, சீழ் வைத்து, தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. மருத்துவர் முதலில் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார். இருப்பவர்கள் கொப்புளத்தைத் தாமாகக் குத்தவே கூடாதாம். ஐந்து நாள் மாத்திரை, தினமும் கட்டு என்று பன்னிரண்டு நாட்கள் என்னால் திடல் பக்கமே போக முடியவில்லை.

கட்டுப் போட்ட செவிலியர் அக்கா சொன்னதைத்தான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். ஈரமான தோல் காலுறையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு முன்னும் பின்னுமாக நகர, இடையில் இழுபடும் தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்வதுதான் கொப்புளம். அதை மூடியிருக்கும் தோலைவிட நல்ல கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடையாது என்றார்.

அதன்பின் வியர்வையைத் தேக்கும் பருத்திக் காலுறையை விட்டுவிட்டு, மெல்லிய நைலான் காலுறையின் மேல் தடித்த ஒன்றை அணிகிறேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில்தான், விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி ஷூ வாங்குகிறேன். அதையும் வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் போட்டு நடந்து பழக்கிய பிறகே திடலுக்குக் கொண்டுபோகிறேன். எரிச்சல் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்தி, மணலைத் தட்டி, காலைத் துடைத்து, காகிதப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்கிறேன். எங்கள் கடற்கரை மணல் மாவுபோல் காலுறைக்குள் புகுந்துவிடும் என்பதால், ஒவ்வொரு செட் முடிவிலும் அதை உதறுவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

இவ்வளவு செய்தும் ஆவணியில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. சிறியதாக இருந்தவரை, நடுவில் துளையிட்ட பஞ்சு அட்டையை அதைச் சுற்றி வைத்து, அதன்மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டேன். பெரிதாகி, கால் ஊன்ற முடியாமல் போனபோதுதான் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் விளிம்பில் இரண்டு இடங்களில் குத்தி, சுத்தமான துணியால் மெல்ல ஒற்றினேன். கலங்கலில்லாத நீர் வடிந்தது. தோல் அப்படியே படிந்து கிடந்தது. வாஸ்லின் தடவிக் கட்டி, கட்டை நாள்தோறும் மாற்றினேன். மூன்றாம் நாள் வலியின்றி நடந்தேன். பத்தாம் நாள் மேல்தோல் காய்ந்து தானே உதிர்ந்தபோது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் முழுவதும் மூடியிருந்தது.