இன்னைக்கு ஈஸ்டரா?

2025 ஏப்ரல் 11, வெள்ளி

கண் திறந்ததும் அம்மா கேட்டாள், "இன்னைக்கு ஈஸ்டரா?" இல்லம்மா, இன்னும் ஒன்பது நாள் இருக்கு என்றேன். சரி என்று மூடிக்கொண்டாள். மத்தியானம் மறுபடியும் அதே கேள்வி.

ஏப்ரல் 12, சனி

இடது குதிகாலில் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அடியில் புண் கட்டுகிறது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாதபடி தூக்கி வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அலாரம் வைத்தாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பார்க்க வந்தவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "இந்த உடம்பு வெறும் கூடு. ஆத்துமா போய்ச் சேர்ந்துடும்." அவர் போன பிறகும் அந்தக் 'கூடு' என்னை விடவில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் வாய்விட்டு என்ன சொல்கிறோம்? "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றுதானே? கொரிந்து சபையிலும் மரித்தோர் எழுந்திருக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் பவுல் விதையைக் காட்டி அத்தனை நீளமாக எழுதினார். விதைத்தது வேறு விதமாக முளைக்கும், ஆனால் விதைத்ததுதான் முளைக்கும். அம்மாவின் இந்த உடம்பு தூக்கி எறிகிற தோல் என்றால், நான் ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அதைப் புரட்ட வேண்டும்?

சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து, கால்விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. தூக்கித் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். இன்னும் கூசுகிறது!

ஏப்ரல் 16, புதன்

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ராத்திரி முழுக்கக் காய்ச்சல். விடியும்போது கொஞ்சம் தணிந்தது. "இன்னைக்கு ஈஸ்டரா?" இல்லம்மா, பெரிய வெள்ளி.

மார்த்தாளை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு உபதேசம் தெரியும். கடைசி நாளில் என் சகோதரன் எழுந்திருப்பான், அது தெரியும் என்று இயேசுவிடமே சொல்கிறாள். அப்புறம் கல்லை எடுக்கச் சொன்னதும், ஐயோ நாலு நாளாயிற்றே, நாறுமே என்கிறாள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது. எனக்கும் அப்படித்தான். நம்புகிறேன், நாற்றத்துக்கும் பயப்படுகிறேன். அவரோ இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அது தெரிந்தும் அழுதார். விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்று யாராவது இனி என்னிடம் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 19, சனி

இயேசு கல்லறையில் இருந்த இந்த நாளை லூக்கா ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: ஓய்ந்திருந்தார்கள். பரிமளதைலம் தயார் பண்ணி வைத்துவிட்டு அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்கள். செத்த உடம்புக்குப் பூசத்தான் தயார் பண்ணினார்கள். உயிரோடு பார்ப்போம் என்று ஒருத்திகூட நினைக்கவில்லை. எதிர்பார்ப்பு இல்லாமலே, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சிவப்பு அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா கேட்கவில்லை. நாள் முழுக்கத் தூக்கம்.

இந்த வருடம் கிழக்குச் சபைகளுக்கும் மேற்குச் சபைகளுக்கும் ஒரே நாளில் வந்திருக்கிறது. காதருகே குனிந்து, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்றேன். கொஞ்சம் காத்திருந்தேன். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்கிற பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

"இன்னைக்கு ஈஸ்டரா?"

நேத்தே முடிஞ்சுபோச்சும்மா என்றேன். அவள் முகம் போன போக்கு. எதையோ கையிலிருந்து பிடுங்கின மாதிரி. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ராத்திரி முழுக்க 'முடிஞ்சுபோச்சு' என்கிற அந்த வார்த்தைதான். எப்படி என் வாயிலிருந்து வந்தது? ஈஸ்டர் ஒரு நாளோடு முடிகிறது இல்லையே. ஜூன் 8, பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் உயிர்த்தெழுதலின் காலம். அது போனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் எழுந்த நாள்தான், அதனால்தானே அன்றைக்குக் கூடுகிறோம். ஆதி சபை சனிக்கிழமை ஓய்வுநாளை விட்டு வாரத்தின் முதல் நாளுக்கு வந்ததே இதற்காகத்தான். அம்மாவின் கேள்வியில் தப்பே இல்லை, என் பதில்தான் தப்பு.

காலையில் கேட்டாள். ஆமாம்மா, இன்னைக்கு ஈஸ்டர், கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்றேன்.

"மெய்யாவே" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மூன்று மணி அலாரம் கேட்கவில்லை. ஐந்தரைக்குத்தான் எழுந்தேன். ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினால், தலையணை நழுவிக் குதிகால் மெத்தையில். "ஏன்மா அசைஞ்ச" என்று அதட்டிவிட்டேன். அவளை!

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன், பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு இருந்தார்கள். தோமாவைப் பற்றிப் பிரசங்கம். சந்தேகம், சந்தேகம் என்றே போதகர் பேசினார். எனக்குக் கண்ணில் பட்டது இயேசுவின் காயம். எழுந்த உடம்பிலும் அந்தக் காயங்களை அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். ரத்தசாட்சிகளின் தழும்புகளும் அவர்கள் உடம்பில் அழகாகத் தெரியும் என்று ஆதி சபைப் போதகர் அகஸ்டின் நினைத்தார். அம்மாவின் முன்கையில் நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. நான் தவழ்ந்து நெருப்புப் பக்கம் போனபோது குறுக்கே நீட்டிய கை. அது போய்விடக் கூடாது. அங்கே அவளைப் பார்க்கும்போது முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.

வந்ததும் யோவான் 21 வாசித்தேன். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு. இங்கே கரையிலும் கரிநெருப்பு எரிகிறது, மீன் இருக்கிறது, முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். அதன் பிறகுதான் 'என்னை நேசிக்கிறாயா' என்கிற அந்தக் கேள்வி, மூன்று தடவை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவே இல்லை. தம்பியிடம் நான் கேட்க வைத்திருப்பது அது ஒன்றுதான்.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

முதலாம் கொரிந்தியர் 15, மொத்தம் 58 வசனம். எக்காளம், மரணத்தின் கூர், ஜெயம் என்று ஏறிக்கொண்டே போகிற அதிகாரம், கடைசி வசனத்தில் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவல்ல என்று வேலையில் வந்து நிற்கிறது. அடுத்த வரி, 16ஆம் அதிகாரம், தர்மப்பணத்தைக் குறித்து. வாரத்தின் முதல் நாளில் அவரவர் எடுத்து வையுங்கள் என்கிறார். பல வருடம் இந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருக்கிறேன், பெரிய விஷயம் முடிந்தது என்று. பவுலுக்கு அப்படித் தெரியவில்லை. மரணமே தோற்றுவிட்டது, சரி, இனி பணம் சேருங்கள். இந்தத் துணி, இந்தத் தண்ணீர், இந்தத் தலையணையும் அந்த வரியில் இருக்கின்றன என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 1, வியாழன்

காய்ச்சல். கேள்வி இல்லை.

மே 3, சனி

தம்பி கூப்பிட்டான். நாலு நிமிடம். ஏன் என்று கேட்கவில்லை. அம்மா உன்னைத் தேடுறாங்க, வா என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கால் எப்படிக்கா இருக்கு?" என்றான். யார் சொன்னார்களோ.

மே 4, ஞாயிறு

மூன்று மணி அலாரம். புரட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் குதிகாலை அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது. விரலை எடுத்தேன், மெல்லச் சிவந்தது. நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினேன்.

அம்மா விழித்துக்கொண்டாள்.