சாக்ரடீஸ் வழக்கைப் புரிந்துகொள்ள நான் போன வழி

ஊர்த் தெய்வங்களை நம்பவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் கிமு 399இல் ஏதென்ஸ் நகரம் தத்துவஞானி சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரையைத் தொடங்கிப் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பேச்சு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், நீதிபதி எங்கே, வக்கீல் எங்கே, ஓட்டெடுப்பு முடிந்த பிறகும் ஏன் மறுபடி எழுந்து பேசுகிறார் என்று ஒன்றும் பிடிபடாது. நானும் அங்கேதான் நின்றேன். சரி, தத்துவத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைப்போம், ஏதென்ஸில் ஒரு வழக்கு எப்படி நடந்தது என்பதை முதலில் பார்ப்போம் என்று வேறு பக்கமாகப் போனேன். அதே உரையில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இந்த வழி உதவலாம்.

முதலில் எடுத்தது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’. இது கிடைத்ததே ஒரு அதிசயம். எகிப்தில் ஒரு பண்ணையின் வரவு செலவு எழுதிய பாப்பிரஸ் சுருள்களின் பின்பக்கத்தில் யாரோ படியெடுத்து வைத்திருந்தார்கள். 1891இல்தான் அச்சுக்கு வந்தது. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. 63ஆம் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். நீதிமன்றம் கூடும் ஒரு காலைப்பொழுது அங்கே படிப்படியாக விவரிக்கப்பட்டிருக்கிறது.

ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆண்டுக்கு 6,000 நடுவர்கள். 30 வயது தாண்டிய குடிமகன் யாரும் வரலாம். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் இடமில்லை. ஒவ்வொரு நடுவரிடமும் தன் பெயர் பொறித்த ஒரு சிறு தகடு உண்டு. ஏதென்ஸ் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். காலையில் அந்தப் பத்துக் குலங்களும் தனித்தனி வாசலில் கூடும். தகடுகளை வாங்கி, பிளவுகள் வெட்டிய ஒரு பலகையில் வரிசையாகச் செருகுவார்கள். பலகையின் ஓரத்தில் ஒரு குழாய். அதில் கருப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கீழே விழவிடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் இருக்கும் ஐந்து பேருக்கும் அன்று வேலை. கருப்பு விழுந்தால் ஐந்து பேரும் வீட்டுக்குப் போகலாம். தேர்வானவர்களை எந்த மன்றத்துக்கு அனுப்புவது என்பதற்கும் தனியாக ஒரு குலுக்கல். எந்த வழக்கு யாரிடம் போகும் என்று காலைவரை ஒருவருக்கும் தெரியாது. லஞ்சம் கொடுக்க நினைப்பவன் யாரைப் போய்ப் பார்ப்பான்?

இது சாக்ரடீஸ் இறந்து இரண்டு தலைமுறைக்குப் பிந்தைய நடைமுறை. அவர் காலத்தில் ஏற்பாடுகள் இதைவிட எளிமையாக இருந்தன. ஆனால் குலுக்கலில் வந்த பெரிய கூட்டம், தொழில்முறை நீதிபதி கிடையாது, ஒரே நாளில் தீர்ப்பு என்கிற அடிப்படைகள் அப்போதே உண்டு. குற்றம் சாட்டுபவரும் ஒரு சாதாரணக் குடிமகன்தான். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுக்கூட வாங்கத் தவறினால் அவர் 1,000 திராக்மா அபராதம் கட்ட வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு திரும்பவும் பிளேட்டோவிடம் வந்தபோது உரை மூன்று துண்டாகப் பிரிந்து தெரிந்தது. முதல் துண்டு எதிர்வாதம். அப்புறம் குற்றவாளியா இல்லையா என்று ஓட்டு. சட்டத்தில் தண்டனை குறிக்கப்படாத வழக்கு என்பதால் இரு தரப்பும் ஒவ்வொரு தண்டனையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது துண்டு அதற்கானது. வழக்குப் போட்ட மெலிட்டஸ் தரப்பு மரணம் கேட்டது. சாக்ரடீஸ் முதலில் சொன்னது, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்குப் போடுவதுபோல் அரசு மண்டபத்தில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்று. பிறகு ஒரு மினா, அதாவது நூறு திராக்மா, அபராதம் என்கிறார், கடைசியில் பிளேட்டோவும் மற்ற நண்பர்களும் ஜாமீன் நிற்க முப்பது மினா என்கிறார். கேட்ட இரண்டில் ஒன்றைத்தான் நடுவர்கள் எடுக்க முடியும், நடுவாந்தரமாக ஒன்றைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. மூன்றாவது துண்டு, தண்டனை முடிவான பிறகு பேசியது.

அவர் அகங்காரமாகப் பேசித் தண்டனையை வாங்கிக்கொண்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. நாடுகடத்தலைக் கேட்டிருந்தால் நடுவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவரே சொல்கிறார். தப்பு செய்யவில்லை என்று நம்பும் மனிதர், தனக்குத் தண்டனை வேண்டும் என்று தன் வாயால் எப்படிக் கேட்பார்?

அதற்குப் பிறகு ஏதென்ஸுக்கே போக வாய்த்தது. போவதற்கு முன் கிரேக்க எழுத்துகளை மட்டும் பழகிக்கொண்டேன். மொழி தெரியாவிட்டாலும் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், அருங்காட்சியகத்தில் பாதி வேலை முடிந்தது. மொனாஸ்டிராகி ரயில் நிலையத்தில் இறங்கினால் ஊரின் சந்தைத் திடலாக இருந்த பழைய அகோரா நடை தூரம்தான். நடுவே ரயில் பாதை போகிறது. பாதைக்கு வடக்கே, தெருமட்டத்துக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய அடித்தளம் தெரியும். 1970இல் தோண்டியெடுத்த அரச மண்டபம். மெலிட்டஸ் கொடுத்த புகாருக்காக சாக்ரடீஸ் வந்து நின்ற இடம் இது. கீழே அகோராவைப் பார்க்கும் அளவுக்கு இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அகோராவிலேயே அட்டாலஸ் மண்டபத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில், படித்ததெல்லாம் பொருளாக இருக்கிறது. பிளவுகள் வெட்டிய பளிங்குப் பலகை, நடுவர்களின் வெண்கலத் தகடுகள், ஓட்டுப் போடும் வெண்கல வட்டுகள். வட்டின் நடுவில் ஒரு சிறு தண்டு. ஒன்றில் தண்டு துளையுள்ளது, மற்றதில் கெட்டியானது. இரு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் எதைப் போடுகிறாய் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

நான் அதிக நேரம் நின்றது நீர்க்கடிகாரத்தின் முன். பூந்தொட்டி மாதிரி ஒரு மண்பாண்டம், அடியில் சின்னக் குழாய். சுமார் ஆறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் ஓடி முடிய ஆறு நிமிடம். பேச்சுக்கான நேரத்தை இப்படித்தான் அளந்தார்கள். அதன்மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தியோக்கிஸ் குலத்துடையது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. நீதிமன்ற உரையில் சாக்ரடீஸ் சொல்லும் தன் குலத்தின் பெயர் அதுதான். காலமும் ஏறக்குறைய அதே காலம்.

அந்தக் குலத்தைப் பற்றி அவர் பேசுவது ஏன் என்று பார்க்க வேண்டும். கிமு 406இல் ஊர் நிர்வாகத்தைக் கவனித்த ஐந்நூறு பேர் மன்றத்தில் அவர் உறுப்பினர். அப்போது தலைமை ஏற்கும் முறை அவருடைய குலத்துக்கு. அர்கினுசாய் கடற்போரில் ஜெயித்தும், கடலில் தத்தளித்தவர்களை மீட்கவில்லை என்று தளபதிகள்மேல் மக்களுக்குக் கோபம். எல்லோரையும் ஒரே ஓட்டில் தண்டிக்க வேண்டும் என்றார்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்று அன்று எதிர்த்தவர் தான் ஒருவர் மட்டுமே என்கிறார். இரண்டு ஆண்டு கழித்து முப்பது கொடுங்கோலர்கள் ஆட்சிக்கு வந்து, கொல்வதற்காகச் சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைப் பிடித்துவரச் சொன்னபோது, பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மக்களாட்சியிடமும் பணியவில்லை, கொடுங்கோலர்களிடமும் பணியவில்லை. அந்த முப்பது பேரில் முக்கியமான கிரிட்டியாஸ் அவரோடு பழகியவர் என்பதை ஊர் மறக்கவில்லை. அதற்கும் முன்னால், கிமு 423இலேயே நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் தன் நாடகத்தில் அவரைக் கேலிப்பொருளாக நிறுத்தியிருந்தார்.

இத்தனை வருடத்து வெறுப்பைக் கரைக்க ஒரு நாள் பேச்சு. உயிர் போகும் வழக்கை ஒரே நாளில் முடிக்கக்கூடாது என்ற சட்டம் மற்ற ஊர்களில் இருக்கிறது, இங்கும் இருந்திருந்தால் உங்களை நம்பவைத்திருப்பேன் என்கிறார். முப்பது ஓட்டு இடம் மாறியிருந்தால் விடுதலை. 500 பேர் என்று கொண்டால் 280க்கு 220, ஓட்டு சமமானாலே விடுதலைதான். லஞ்சத்தைத் தடுக்க ஏதென்ஸ்காரர்கள் அவ்வளவு மூளையைச் செலவழித்தார்கள். ஆனால் நடுவர் மனத்தில் முன்கூட்டியே இருந்த அபிப்பிராயத்துக்கு அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. சாக்ரடீஸ் தோற்றது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது, சாக்ரடீஸ் சிறையில் இருந்த நாட்களைச் சொல்லும் பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ படித்துக்கொண்டிருக்கிறேன். சிறையிலிருந்து தப்பிக்க வழியிருந்தும் அவர் போகவில்லை. பிடிக்காவிட்டால் எழுபது வருடத்தில் எப்போதாவது இந்த ஊரைவிட்டுப் போயிருக்கலாமே என்று சட்டங்களே அவரிடம் கேட்பதுபோல் வருகிறது. அந்த வாதம் எனக்கு இன்னும் முழுதாகச் சம்மதமாகவில்லை. லியோனைப் பிடிக்க மறுத்த அதே மனிதர் இதற்கு மட்டும் எப்படித் தலையாட்டினார் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.