கரகோரம் கல்லும் குறுக்குவெட்டுமுகமும்

உயர்தர வகுப்பில் எமக்குத் தாவரவியல் படிப்பித்த ஆசிரியர் படம் கீறும் விடயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பூசணித் தண்டைச் சவர அலகால் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்ததும், “இது குறுக்கா, நெடுக்கா, சரிவா?” என்று கேட்பார். விடை தெரியாதவன் பென்சிலைத் தொடக்கூடாது. அந்தக் கெடுபிடியை முணுமுணுத்துக்கொண்டே சகித்தவர்களில் நானும் ஒருவன்.

பின்னர் லண்டனில் ஒரு புவிச்சரிதவியல் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. என் மேசைக்கு வந்தவை கரகோரம் மலைச் சுண்ணாம்புக்கற்கள். கே2 சிகரத்துக்கு வடக்கேயுள்ள ஷக்ஸ்கம் பள்ளத்தாக்கில் எடுத்தவை. 1929 இல் இத்தாலியப் பயணக்குழுவோடு போன புவிச்சரிதவியலாளர் அர்டிட்டோ டெசியோ ஆராய்ந்த இடம் அது. கல்லைத் தண்ணீரில் நனைத்தால் நெல்மணி நெல்மணியாகச் சாம்பல் நிற உருவங்கள் எழும்பும். பியூசுலினிட் எனப்படும் ஒருகல உயிரிகளின் ஓடுகள் அவை. பேர்மியன் காலக் கடலில் செழித்திருந்து, ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்காலம் முடிந்த பேரழிவில் பூண்டோடு அற்றுப்போயின.

கல்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்பொரண்டம் என்னும் உராய்வுத் தூளில் 0.03 மில்லிமீற்றர் தடிப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். தடித்திருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. சற்று அதிகம் தேய்த்தால் ஓடு கழுவுநீரோடு போய்விடும். அதைவிடப் பெரிய தலையிடி வெட்டின் திசை. ஒரே ஓடு நெடுக்கே வெட்டினால் முனைகள் கூம்பித் தெரியும், குறுக்கே வெட்டினால் சுருளாகத் தெரியும், சரித்து வெட்டினால் வெறும் சிக்கல். இனத்தைச் சொல்ல வேண்டுமானால் வெட்டு நட்டநடுவிலுள்ள முதல் அறையை ஊடறுக்க வேண்டும். அப்போதுதான் சுற்றுகளை எண்ணலாம், இடைச்சுவர்கள் எவ்வளவு மடிந்திருக்கின்றன என்று பார்க்கலாம். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய வந்த சிலர் ஒரே உயிரியின் இரு வெட்டுகளுக்கு இரு பெயர் சூட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஆசிரியரிடம் அகப்பட்டிருந்தால் பென்சிலே கிடைத்திராது.

இத்தனைக்கும் நாம் பிறந்த மண்ணும் கடல் ஓடுகளின் மேல்தான் கிடக்கிறது. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. பேர்மியனோடு பார்த்தால் நேற்றுப் பிறந்தது. அதிலுள்ள வட்டத்தட்டு வடிவ ஓடொன்றை, மலபார்ப் பக்கத்துக் கற்களைக் கொண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் எச். ஜே. கார்ட்டர் 1853 இலேயே விவரித்துவிட்டார். நாமோ கிணறு வெட்டிய கல்லில் மதில் கட்டினோம், மிச்சத்தைக் காங்கேசன்துறையில் சீமெந்தாக்கினோம். என் வகுப்பில் ஒருவரும் அதை வில்லை வைத்துப் பார்த்ததாக நினைவில்லை.

எமது பழைய மாணவர் சங்கம் பள்ளி ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டிகள் அனுப்பப்போவதாக அறிகிறேன். கூடவே கொஞ்சம் கார்பொரண்டம் தூளும் தடித்த கண்ணாடிப் பலகையும் போகட்டும், செலவு அற்பம். கல்லை மட்டும் யாரும் அனுப்ப வேண்டியதில்லை.